இல்லாத வீட்டுப் பிள்ளைக்குப் பீஸ்: சலுகையா, நிதியா?

2025 ஏப்ரல் 16, துபாயிலிருந்து ஒருவர் கேட்டது

நாங்கள் பதினாலு பேர் ஒரே பள்ளியில் படித்தவர்கள். கீழக்கரைக்கும் மண்டபத்துக்கும் நடுவில் உள்ள சின்ன மெட்ரிக் பள்ளி. ஆளுக்குக் கொஞ்சம் போட்டு 10 லட்சம் சேர்த்திருக்கிறோம். பத்தாம் வகுப்பில் முதல் மூன்று இடம் வாங்குகிறவர்களுக்குக் கொடுக்கலாம் என்கிறார்கள் பாதிப் பேர். கஷ்டப்படுகிற வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் எண்ணம். பணத்தைத் தாளாளரிடம் கொடுத்துவிட்டால் அவர்களே பார்த்துக்கொள்ள மாட்டார்களா?

ஏப்ரல் 16, இரவு

தம்பி, இதே கடற்கரையில் வேறொரு தனியார் பள்ளியில் பதினேழு வருஷமாகப் பீஸ் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறேன். இப்போது அங்கேயே பீஸ் உதவிக் குழுவிலும் இருக்கிறேன். பணத்தை மொத்தமாகக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடாதீர்கள். தாளாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி.

எங்கள் பள்ளியில் ஒரு வருஷம் பதினோரு பிள்ளைகளுக்குப் பாதிப் பீஸ் தள்ளுபடி கொடுத்தோம். கேட்டு வந்த யாரையும் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. ஆனால் அந்தத் தள்ளுபடிக்குப் பின்னால் ஒரு ரூபாய்கூட ஒதுக்கி வைக்கவில்லை. மாசி மாதம் சம்பளம் பதினேழு நாள் தள்ளிப்போனது. பங்குனியிலும் அப்படியே. அறிவியல் டீச்சர் ஒரு வார்த்தை பேசாமல் ராமநாதபுரத்தில் வேறு பள்ளிக்குப் போய்விட்டார். அவர் போன பிறகு நான்கு மாதம் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் நடத்த ஆளில்லை. தள்ளுபடி வாங்கிய பதினோரு பேரில் நான்கு பேர் அந்த வகுப்பில்தான் இருந்தார்கள். நாங்கள் இரக்கப்பட்டு விட்டுக்கொடுத்த பீஸைக் கடைசியில் கட்டியது ஆசிரியர்கள்தான்.

அன்றிலிருந்து நான் பிடித்துக்கொண்டிருப்பது ஒன்றுதான். பிள்ளைக்கு இடம் கொடுக்கும் முன்பே, அது படித்து முடிக்கிற வரைக்குமான பணம் கையில் இருக்க வேண்டும்.

முதல் மூன்று இடத்துக்குக் கொடுப்பது பரிசு. தாராளமாகக் கொடுங்கள், ஆளுக்கு ஐயாயிரம் போதும். மிச்சப் பணம் வேறு வேலைக்கு.

ஏப்ரல் 17

கணக்கு கேட்டிருந்தீர்கள். எங்கள் பள்ளியை வைத்துச் சொல்கிறேன். ஆறாம் வகுப்புக்கு வருஷப் பீஸ் 24,000. வேன் 9,000. புத்தகம், சீருடை, ஷூ, பை எல்லாம் சேர்த்து 6,500. ஆக 39,500. வெளியில் எல்லோரும் பீஸை மட்டும் பார்க்கிறார்கள். பீஸ் முழுவதும் தள்ளுபடி செய்தும் வேனுக்கு வழியில்லாமல் நின்றுபோன பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன்.

வருஷத்துக்கு ஆறு சதவீதம் ஏறும் என்று வைத்தால், ஆறாம் வகுப்பில் சேர்கிற பிள்ளைக்குப் பன்னிரண்டு முடிய ஏழு வருஷத்தில் சுமார் 3 லட்சத்து 30 ஆயிரம் ஆகும். அதனால் உங்கள் 10 லட்சத்துக்கு இரண்டு வழி. முதலைத் தொடாமல் வங்கியில் போட்டால், ஏழு சதவீத வட்டிக்கு 70,000 வரும். அதிலும் கொஞ்சம் முதலோடு சேர்த்தால்தான் விலைவாசிக்கு ஈடு கொடுக்கும். அப்படியானால் எப்போதும் ஒரே ஒரு பிள்ளை. இல்லாவிட்டால் ஏழு வருஷத்தில் முழுவதையும் செலவழித்து மூன்று பிள்ளைகளைக் கரையேற்றலாம்.

முதலைத் தொடாத வழிக்கு நம் ஊரில் பழைய பேர் இருக்கிறது, செத்தும் கொடுத்தான் சீதக்காதி. கீழக்கரைக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் நான் மூன்று பிள்ளைகள் பக்கம்தான் நிற்பேன். பதினாலு பேரும் இப்போது சம்பாதிக்கிற வயதில் இருக்கிறீர்கள், ஏழு வருஷம் கழித்து மறுபடி சேர்க்கலாம்.

ஏப்ரல் 17, மாலை

மேலே சொன்னதில் ஒரு பிழை. மூன்று பேருக்கு 9 லட்சத்து 90 ஆயிரம், சரியாகப் போய்விடும் என்று நினைத்துவிட்டேன். செலவழிக்காமல் இருக்கிற பணத்துக்கும் வட்டி வருமே என்று பெரியபட்டினத்து நண்பர் எடுத்துச் சொன்னார். திரும்பப் போட்டுப் பார்த்தேன். மூன்று பிள்ளைக்கும் சேர்த்து இன்றைக்கு 8 லட்சத்து 10 ஆயிரம் தனியே வைத்தால் போதும். 1 லட்சத்து 90 ஆயிரம் மிஞ்சுகிறது. அதை நான்காவது பிள்ளைக்குத் தொடாதீர்கள். ஏன் என்று அப்புறம் சொல்கிறேன்.

ஏப்ரல் 21

பணக்கார வீட்டுப் பிள்ளைகளிடம் கூடுதலாக வாங்கி இல்லாதவர்களுக்குக் கொடுத்தால் என்ன என்று ஒருவர் கேட்டிருக்கிறார். செய்ய முடியாது. தனியார் பள்ளிக் கட்டணத்தை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாட்டில் 2009லேயே சட்டம் வந்துவிட்டது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு ஒவ்வொரு பள்ளிக்கும் கட்டணத்தை நிர்ணயிக்கிறது, அதற்கு மேல் வாங்கக் கூடாது. நன்கொடையாக மனமுவந்து கொடுத்தால் வாங்கலாம், சேர்க்கைக்கு நிபந்தனையாக வைக்கக் கூடாது. அதனால்தான் வெளியிலிருந்து வருகிற உங்கள் பணத்துக்கு இத்தனை மதிப்பு.

ஏப்ரல் 28

தேதி விஷயம். பணத்தைவிட இது முக்கியம் என்று எனக்குப் படுகிறது.

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை, 61 நாள். பள்ளி திறப்பது ஜூன் முதல் வாரம். எங்கள் முதல் டெர்ம் பீஸுக்குக் கடைசி நாள் பல வருஷமாக ஜூன் 10ஆக இருந்தது. யோசித்துப் பாருங்கள். இரண்டு மாதம் படகு கரையில் கிடக்கிறது. வீட்டில் இருந்த காசெல்லாம் கரைந்து, வலையைச் சீர்பண்ணவும் படகுக்குப் பெயின்ட் அடிக்கவும் சம்மாட்டியிடம், அதாவது படகு முதலாளியிடம், முன்பணம் வாங்கி, இன்னும் நான்கு நாளில் கடலுக்குப் போகலாம் என்று இருக்கிற வீட்டில் போய் நாம் பீஸ் கேட்கிறோம். அந்த வாரம் என் கவுண்டருக்கு வந்த அம்மாக்களின் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும்தான் இருக்கும். பர்ஸைத் திறந்தால் அடகு ரசீது தெரியும்.

கலாம் அவர்கள் சென்னை எம்.ஐ.டி.யில் சேர ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டபோது அவருடைய அக்கா ஜோஹரா வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். இதை மேடையில் பெருமையாகச் சொல்கிறோம். ராமேஸ்வரத்திலிருந்து தொண்டி வரைக்கும் எத்தனையோ அக்காக்கள் ஒவ்வொரு ஜூனிலும் இன்னும் அதைச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் கடைசித் தேதியை ஜூலை 31க்குத் தள்ளச் சொல்லி நிர்வாகத்தோடு மன்றாடினேன். ஒத்துக்கொண்டார்கள். பள்ளிக்கு ஒன்றும் நஷ்டமாகவில்லை, ஜூன் சம்பளத்துக்கு மட்டும் முன்கூட்டி ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. தள்ளுபடி கேட்டு வருகிறவர்கள் எண்ணிக்கை அந்த வருஷமே குறைந்தது. அவர்களுக்குத் தள்ளுபடி வேண்டியிருக்கவில்லை. ஏழு வாரம் வேண்டியிருந்தது. உங்கள் பள்ளியில் பணம் கொடுக்கும் முன் இதைக் கேட்டு வாங்குங்கள்.

ஏப்ரல் 29

பாம்பனிலிருந்து ஒரு அண்ணன் திருத்தியிருக்கிறார். தடை விசைப்படகுக்குத்தான், நாட்டுப்படகும் வல்லமும் போகலாம். சரிதான் அண்ணே, நான் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். நாட்டுப்படகு வீடுகளுக்குக் கஷ்டம் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் வருகிறது, அதாவது இரண்டாம் டெர்ம். மிளகாய் போடுகிற முதுகுளத்தூர்ப் பக்கத்து வீடுகளுக்கு அறுவடை மாசி, பங்குனியில். சாயல்குடியில் பனை ஏறுகிறவர்களுக்குக் கோடைதான் வருமானக் காலம். ஒரே தேதி எல்லோருக்கும் பொருந்தாது. அவரவர் எந்த மாதம் கட்ட முடியும் என்று சேர்க்கை விண்ணப்பத்திலேயே ஒரு வரி கேட்டால் போதும். பள்ளியில் இதை நாளைக்கே சொல்லப்போகிறேன், இதுவரை எனக்குத் தோன்றவில்லை.

மே 6

யாருக்கு உண்மையில் தேவை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வருமானச் சான்று வாங்குங்கள், கோப்புக்கு வேண்டும். ஆனால் அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். என் மேசைக்கு வந்த சான்றுகளில் முக்கால்வாசி 72,000 என்றே இருந்தன. சொந்தப் படகு வைத்திருப்பவருக்கும் அதே எண், அந்தப் படகில் பங்குக்குப் போகிறவருக்கும் அதே எண்.

நான் கேட்கிறது வேறு. படகு யாருடையது? பங்கா, கூலியா? சம்மாட்டிக்கு எவ்வளவு பாக்கி? வீட்டில் எத்தனை பேர் படிக்கிறார்கள்? நகை வீட்டில் இருக்கிறதா, கடையில் இருக்கிறதா? ஐந்து நிமிஷப் பேச்சு. சாயந்திரம் ஐந்து மணிக்கு மேல், மற்ற பெற்றோர் போன பிறகு. வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் பழக்கத்தை நாங்கள் விட்டுவிட்டோம். பள்ளிக்கூடத்து ஆட்கள் இரண்டு பேர் வந்து உட்கார்ந்தால் தெரு முழுக்கத் தெரிந்துவிடும்.

ஒரு அம்மாவைச் சொல்ல வேண்டும். மண்டபம் பக்கம் தீவுகளுக்குப் போய்ப் பாசி எடுக்கிறவர். அமாவாசை, பௌர்ணமி ஒட்டித் தண்ணீர் வற்றுகிற நாட்களில்தான் அவர்களுக்கு வேலை. பாறையில் அறுத்த விரல்களைச் சுற்றிப் பழைய சேலைத் துணி கட்டியிருக்கும். அந்தத் துணியோடுதான் நோட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து மேசையில் வைப்பார். ஐம்பதும் இருபதுமாக, ஈரம் ஏறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். எண்ணி முடித்ததும், “டீச்சரக்கா, இது நாப்பது நோட்டு. மிச்சம் அடுத்த தண்ணிக்கு” என்பார். அடுத்த தண்ணி என்றால் அடுத்து வருகிற அமாவாசையோ பௌர்ணமியோ. நான் காலண்டரில் பார்த்துக் குறித்துக்கொள்வேன். ஒரு முறைகூடத் தவறியதில்லை. அவர் உதவி கேட்டதே இல்லை. கேட்காதவர்களைக் கண்டுபிடிப்பதுதான் குழுவின் பாதி வேலை என்பதை அவரிடம்தான் கற்றுக்கொண்டேன்.

மே 7

விட்டுப்போனது. சலுகைப் பிள்ளைகளுக்கு ஒரு காலத்தில் எங்கள் பள்ளியில் ரோஸ் கலர் ரசீது. கணக்கு வசதிக்காக நான்தான் அப்படி வைத்தேன். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி ரசீதை நான்காக மடித்து ஜியாமெட்ரி பாக்ஸுக்கு அடியில் வைப்பதைப் பார்த்த நாளில்தான் எனக்கு உறைத்தது. பிள்ளைகளுக்கு அந்தக் கலரின் அர்த்தம் முதல் வாரமே தெரிந்திருக்கிறது. இப்போது எல்லோருக்கும் வெள்ளை. யார் எவ்வளவு கட்டினார் என்பது எனக்கும் கணக்குப் பார்க்கிறவருக்கும் மட்டும்தான் தெரியும், வகுப்பாசிரியருக்குக்கூடத் தெரியாது. வருஷ விழாவில் மேடையேற்றிக் காசோலை கொடுக்கிற படம் கேட்பார்கள் சில நன்கொடையாளர்கள். நாங்கள் மறுத்துவிடுவோம். உங்கள் பதினாலு பேரிலும் யாராவது கேட்டால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள்.

மே 15

பணம் அனுப்புவது பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள்.

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடையாகாது. துபாயில் இருந்தாலும் சரி, சவூதியில் இருந்தாலும் சரி. ஆனால் சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டன் குடியுரிமை வாங்கிவிட்டவர் கொடுத்தால், பிறந்தது நம்மூரே ஆனாலும் அது வெளிநாட்டு நன்கொடை. 2010ஆம் வருஷ வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பள்ளியை நடத்துகிற அறக்கட்டளைக்கு மத்திய உள்துறையில் பதிவோ முன் அனுமதியோ இருக்க வேண்டும். பதிவு இல்லாத பள்ளி அதை வாங்கினால் மாட்டிக்கொள்வது பள்ளிதான். பதினாலு பேரில் யார் எந்தப் பாஸ்போர்ட் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வரிவிலக்கு: நன்கொடைக்கு வருமான வரிக் கழிவு தருகிற 80ஜி பதிவு உள்ள அறக்கட்டளையாக இருந்தாலும், புதிய வரி முறையில் இருப்பவருக்கு அந்தக் கழிவு கிடையாது. பழைய முறையில் இருந்தாலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கணக்கில் வராது.

முஸ்லிம்கள் கடமையாகக் கொடுக்கிற ஜகாத் பணத்தைச் சேர்க்கலாமா என்ற கேள்விக்கு உங்கள் ஊர் மார்க்க அறிஞரான ஆலிமிடம் கேட்பதே முறை. எங்கள் குழுவில் உள்ள முஸ்லிம் அண்ணன், காக்கா என்று கூப்பிடுவோம், அவர் சொன்னதைச் சொல்கிறேன். ஜகாத் வாங்கத் தகுதியுள்ளவர் எட்டு வகையினர், பணம் அவர்கள் கைக்கு உரிமையாகப் போய்ச் சேர வேண்டும். அதனால் அதை மூலநிதியில் போட்டுப் பூட்டி வைப்பதில்லை. தனிக் கணக்கில் வாங்கி, அந்த வருஷமே தகுதியுள்ள தாய் தகப்பன் கையில் கொடுத்துவிடுகிறோம், அவர்கள் கட்டிக்கொள்கிறார்கள். மற்ற நன்கொடையோடு கலக்காதீர்கள்.

ஜூன் 3

பள்ளி திறந்துவிட்டது. 25 சதவீத ஒதுக்கீட்டுச் சேர்க்கை இந்த வருஷம் இன்னும் தொடங்கவில்லை. மத்திய அரசின் நிதி வரவில்லை என்பது மாநிலத்தின் பதில். காலையிலிருந்து ஒன்பது பேர் வந்து கேட்டுவிட்டார்கள்.

தெரியாதவர்களுக்கு: 2009 கல்வி உரிமைச் சட்டப்படி, சிறுபான்மையினர் நடத்துகிற பள்ளிகள் நீங்கலாக, தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில் கால்பங்கு இடத்தை நலிந்த பிரிவினருக்குக் கொடுக்க வேண்டும். அரசு ஒரு பிள்ளைக்குச் செய்கிற செலவு, பள்ளியின் பீஸ், இரண்டில் எது குறைவோ அதை அரசு திருப்பித் தரும். எட்டாம் வகுப்பு வரைக்கும். ஒன்பதில் என்ன ஆகும் என்று சேர்க்கும்போது யாரும் பெற்றோரிடம் சொல்வதில்லை. இந்த ஏப்ரலில் எட்டு முடித்த நான்கு பிள்ளைகளின் வீட்டில் அதைச் சொல்ல வேண்டியவள் நான். ஒரு அப்பா, “அப்ப இவ்வளவு நாள் படிச்சது?” என்று மட்டும் கேட்டார்.

ஜூன் 5

அந்த அப்பாவை நினைத்துக்கொண்டே ஏப்ரல் 17இல் எழுதியதைத் திரும்பப் படித்தேன். ஆறாம் வகுப்பில் மூன்று பிள்ளைகளைச் சேருங்கள் என்று உங்களுக்குச் சொல்லியிருந்தேன். அவசரப்பட்டுவிட்டேன். நிறுத்தி யோசிக்க வேண்டிய இடம் இது.

அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்தால் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு, 2020இலிருந்து. கல்லூரிக்குப் போகும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன். எட்டாம் வகுப்பில் தேர்வு எழுதி வாங்குகிற மத்திய அரசின் வருஷம் 12,000 ரூபாய் உதவித்தொகையும் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்குத்தான். நாம் நல்லது செய்வதாக நினைத்து அரசுப் பள்ளியிலிருந்து கெட்டிக்காரப் பிள்ளையைத் தூக்கி வந்தால், அந்தக் கதவுகள் எல்லாம் அடைபட்டுவிடும்.

நாங்கள் அதைச் செய்திருக்கிறோம். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண். நன்றாகப் படித்தாள், எங்களுக்கும் பெருமை. பன்னிரண்டு முடித்துக் கல்லூரியில் சேர்ந்தபோது, பழைய பள்ளித் தோழிகளுக்கு வருகிற ஆயிரம் ரூபாய் அவளுக்கு வரவில்லை. அவள் அம்மா எங்களைக் குறை சொல்லவில்லை. ஏன் என்று கேட்டார், அவ்வளவுதான். எடுத்து வரும்போதே எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இன்றைக்கும் எனக்கு அது ஆறவில்லை.

ஒதுக்கீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. எட்டு வரை அந்த ஒதுக்கீட்டில் தனியார் பள்ளியில் படித்து, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் 7.5 கிடைக்கும்.

ஆகவே என் இப்போதைய யோசனை: வெளியிலிருந்து யாரையும் கொண்டுவராதீர்கள். உங்கள் பள்ளியிலேயே எட்டு முடிக்கிற ஒதுக்கீட்டுப் பிள்ளைகளின் வீட்டில் இரண்டு பக்கத்தையும் விரிவாகச் சொல்லுங்கள். அரசுப் பள்ளிக்குப் போகிறோம் என்றால் டி.சி.யை அன்றைக்கே கொடுத்து, சைக்கிளோ கைடோ வாங்கிக் கொடுத்து அனுப்பலாம். இங்கேயே இருக்கிறோம் என்றால் நான்கு வருஷத்துக்கும் நிதி பொறுப்பேற்கட்டும். ஏழு வருஷத்துக்குப் பதிலாக நான்கு வருஷம் என்பதால் மூன்று பேர் என்பது ஐந்து பேராகக்கூட ஆகலாம். மேல்வகுப்புப் பீஸை வைத்துப் போட்டுப் பாருங்கள்.

ஜூன் 19

1 லட்சத்து 90 ஆயிரத்தை ஏன் தொடக் கூடாது என்று இரண்டு மாதமாகக் கேட்கிறீர்கள். தடைக்காலம் முடிந்து போன வாரம்தான் படகுகள் போயின. நம் பக்கத்தில் இலங்கைக் கடற்படை ஒரு படகைப் பிடித்தால், ஆள் திரும்பி வந்தாலும் படகு பெரும்பாலும் திரும்புவதில்லை. நேற்றுவரை முழுப் பீஸ் கட்டிய வீடு மறுநாள் காலையில் ஒன்றுமில்லாமல் நிற்கும். அதற்கு விண்ணப்பத் தேதி, வருமானச் சான்று, குழுக் கூட்டம் என்று காத்திருக்க முடியாது. கவுண்டரில் இருப்பவரும் தலைமையாசிரியரும் கையெழுத்துப் போட்டால் ஒரு டெர்ம் பீஸை அன்றைக்கே எடுக்கிற மாதிரி தனியே வையுங்கள். எங்களிடம் அதற்கு 60,000தான் இருக்கிறது, போதவில்லை.

ஜூலை 2

இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கவுண்டர் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, “எனக்குப் பீஸ் கட்டுறவங்க என் நோட்டையும் பாப்பாங்களா?” என்று கேட்டான். வீட்டில் பேசியதைக் கேட்டிருக்கிறான். பார்க்க மாட்டார்கள் என்றேன். நிம்மதியாக ஓடிவிட்டான். நன்கொடையாளருக்கு மதிப்பெண் பட்டியல் அனுப்பலாமா என்று உங்கள் குழு கேட்டதற்கும் பதில் அதுதான். எத்தனை பிள்ளை, எவ்வளவு செலவு, எத்தனை பேர் தொடர்கிறார்கள், இவ்வளவு போதும்.

மதிப்பெண் குறைந்தால் உதவியை நிறுத்தலாமா என்பதற்கும் சேர்த்துச் சொல்கிறேன், நிறுத்தாதீர்கள். படகு பிடிபட்ட வருஷம் எந்தப் பிள்ளைக்கும் மதிப்பெண் குறையும்.

அக்டோபர் 11

ஒதுக்கீட்டுச் சேர்க்கை ஒருவழியாக இந்த மாதம் தொடங்கியது, மத்திய அரசு நிதியை விடுவித்த பிறகு. அரை வருஷம் போய்விட்டது. ஜூனில் வந்த ஒன்பது பேரில் ஐந்து பேர் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். மிச்சம் நான்கு பேர் எங்களிடமே இருக்கிறார்கள்.

துபாய்த் தம்பி நேற்று எழுதியிருந்தார். தனி வங்கிக் கணக்கு தொடங்கியாயிற்று, பள்ளியிலிருந்து ஒருவர், பழைய மாணவர் ஒருவர், இரண்டு கையெழுத்து. பீஸ் தேதியும் ஜூலை 31க்கு மாறுகிறது. எட்டு முடிக்கப்போகிற ஆறு வீடுகளில் இப்போதே பேசியிருக்கிறார்கள், இரண்டு வீடு அரசுப் பள்ளி என்கிறது, மூன்று இங்கேயே, ஒன்று இன்னும் யோசிக்கிறது. அந்த ஒரு வீட்டை அவசரப்படுத்தாதீர்கள் தம்பி, ஏப்ரல் வரைக்கும் நேரம் இருக்கிறது. வேன் கட்டணம் அடுத்த வருஷம் 500 ஏறுகிறது என்று எங்கள் டிரைவர் சொல்கிறார், கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.